சாப்பிடும் நேரத்தில் மட்டும் தாடையின் கீழ் வீங்குகிறது: சுரப்பியையே அகற்ற வேண்டுமா?

கேள்வி: பொருநைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 61. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த ஆடி மாதத்திலிருந்து அவருக்கு வலது தாடையின் அடிப்புறத்தில் ஒரு வீக்கம் வந்து வந்து போகிறது. சாப்பிட உட்கார்ந்து இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு இறுக்கமாக வலிக்கிறது. எழுந்து கைகழுவி ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆனால் தானாகவே வற்றிவிடுகிறது. இலையில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் வாயில் வைப்பதற்கு முன்பே வலி தொடங்கிவிடுகிறது என்கிறார்.

நெறி கட்டியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் முதலில் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். தீபாவளியை ஒட்டி நிலைமை மாறியது. வீக்கம் வற்றாமல் அப்படியே நின்று, மேல்தோல் சிவந்து, காய்ச்சலும் வந்தது. நாக்கின் அடியிலிருந்து உப்புக் கரிப்பாக ஏதோ ஊறுவதாகவும் சொன்னார். எங்கள் குடும்ப மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் காய்ச்சலும் சிவப்பும் அடங்கின. ஆனால் சாப்பாட்டு நேரத்து வீக்கம் மட்டும் பழையபடியே தொடர்கிறது.

இப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்திருக்கிறோம். வலது தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பி பெருத்திருக்கிறது, அதன் நாளம் (உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் குழாய்) விரிந்திருக்கிறது, நாளத்துக்குள் 7 மி.மீ. அளவில் ஒரு கல் இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. ஓர் அறுவை மருத்துவர், கழுத்தில் கீறிச் சுரப்பியையே எடுத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்றார். வேறோர் இடத்தில், வாய்வழியாகவே கல்லை எடுக்க முடியும், சுரப்பியைத் தொட வேண்டாம் என்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது? அவர் பல ஆண்டுகள் புகையிலையுடன் வெற்றிலை போட்டவர் (இப்போது விட்டுவிட்டார்) என்பதால் இது புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமும் வீட்டில் இருக்கிறது. நீர் பிரிக்கும் வகை இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரைக்கான மாத்திரையும் உட்கொள்கிறார்.

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

வணக்கம் அம்மா. நோயாளியை நேரில் பார்க்காமல் இறுதி முடிவு சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே நோயின் பாதி விடை இருக்கிறது. உணவை நினைத்தாலோ வாயில் வைத்தாலோ வீங்கி, பிறகு தானாக வற்றும் கட்டி என்பது, சுரந்த உமிழ்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்குவதன் அடையாளம். நெறிக்கட்டி சாப்பாட்டு வேளையை அறியாது. காசநோய் நெறியானாலும் பல் சொத்தையால் வந்த நெறியானாலும் காலையிலும் மாலையிலும் ஒரே அளவில்தான் இருக்கும். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காதோரத்துச் சுரப்பியைத் தாக்கும். காய்ச்சலோடு வந்து ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடுமே தவிர, மாதக்கணக்கில் வேளைக்கு வேளை வந்து போகாது.

புற்றுநோய் அச்சத்துக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். வலியில்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே போகும் கெட்டியான கட்டியும், அதோடு சேர்ந்து வரும் முகத்தசைத் தளர்ச்சி, நாக்கு மரத்தல் ஆகியவையும்தான் எங்களைக் கவலைப்படச் செய்யும். தாடையடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் புற்றுநோயின் பங்கு காதோரச் சுரப்பியில் இருப்பதைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆகவே கல் நீங்கிய பிறகும் ஒரு கெட்டிப் பகுதி மிஞ்சினால் ஊசியால் உறிஞ்சி உயிரணுக்களைப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. புகையிலைப் பழக்கம் இருந்தவர் என்பதால், இந்த வீக்கத்தோடு தொடர்பில்லாவிட்டாலும், கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

உமிழ்நீர்க் கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அந்தச் சுரப்பியின் நாளம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுள்ளது, தாடையின் கீழிருந்து மேல்நோக்கி ஏறி, நாக்கின் அடியில், கீழ்முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சிறு புள்ளியாகத் திறக்கிறது. உமிழ்நீர் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. இந்தச் சுரப்பியின் நீர் காதோரச் சுரப்பியின் நீரைவிடக் குழகுழப்பானது. சுண்ணாம்புச் சத்தும் அதில் கூடுதல். கிடைத்த சிறு துணுக்கைக் கருவாகக் கொண்டு, அதைச் சுற்றிக் கால்சியம் பாஸ்பேட் படலம் படலமாகப் படிந்து கல்லாகிறது. இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருப்பதற்கும் இதற்கும் பொதுவாகத் தொடர்பில்லை. பாலையும் கீரையையும் நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் பொருட்படுத்த வேண்டாம்.

தீபாவளியின்போது நடந்தது வேறு கட்டம். தேங்கிய நீரில் வாயிலுள்ள கிருமிகள் பின்னோக்கி ஏறிப் பெருகியதால் சுரப்பி சீழ்பிடித்து அழன்றிருக்கிறது. நாக்கின் அடியில் உப்புக் கரித்தது அந்தச் சீழாகவே இருக்கலாம். அந்த வேளையில் ஆன்டிபயாட்டிக் தேவைதான். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இதில் முதன்மையான கிருமி என்பதால் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தைப் பலரும் முதலில் எழுதுவார்கள்; பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. ஆனால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கல்லைக் கரைக்காது. அடைப்பு இருக்கும் வரை அழற்சி திரும்பத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அடக்கிக்கொண்டே போனால் சுரப்பி மெல்லமெல்ல நார்த்தசையாக இறுகிச் சுரக்கும் திறனை இழக்கும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. இரண்டு மருத்துவர்களுமே தவறாகச் சொல்லவில்லை. அவர்களில் யார் கல்லின் இடத்தை மனத்தில் கொண்டு சொன்னார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அறிக்கை கல்லின் அளவைச் சொல்கிறது, இருப்பிடத்தைச் சொல்லவில்லை. நாளத்தின் முன்பகுதியில் இருக்கும் கல்லை, மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே நாளத்தை நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், நாளம் சுரப்பியை விட்டுப் புறப்படும் வளைவில் இருந்தால் வேலை கடினம். நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த இடத்தில்தான் நாளத்தைக் குறுக்கே கடக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கி, அதன்பின் கல்லை எடுக்க வேண்டும். அதுவும் பழகிய கைகளுக்கு முடிகிற காரியமே. சுரப்பியின் உட்சதைக்குள் கல் புதைந்திருந்தாலோ, சுரப்பி சுருங்கிக் கெட்டுப்போயிருந்தாலோதான் அதை அகற்றும் பேச்சு வர வேண்டும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது, "கல் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, எந்தப் பல்லுக்கு நேராக இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பதில்: மதுரைப் பல்மருத்துவர்

மேலே மருத்துவர் எழுதியதோடு எங்கள் துறை சார்ந்த சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

கல்லைத் தேட முதற்கருவி விரல்தான். ஒரு கையின் ஆள்காட்டி விரலை வாய்க்குள் நாக்கின் அடியில் வைத்து, மற்றக் கையால் தாடையின் கீழிருந்து மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னாக மெதுவாகத் தடவி வர வேண்டும். முன்னாலிருந்து பின்னாகத் தடவினால் கல் நழுவிப் பின்னுக்குப் போய்விடும். எளிதாக எடுத்திருக்கக்கூடிய கல்லை நாமே கடினமான இடத்துக்குத் தள்ளியதாகிவிடும். அப்படித் தடவி வரும்போது நாளத்தின் வாயில் தெளிந்த நீர் வருகிறதா, கலங்கல் வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்பதையும் கவனிப்போம். இதற்கு ஒரு டார்ச் விளக்கும் பொறுமையும் போதும். இந்தக் காலத்தில் ஸ்கேன் சீட்டு எழுதும் வேகத்தில் இந்தப் பரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுவது எனக்கு வருத்தமே.

அடுத்தது, வாயை ஓரளவு திறந்து பற்களுக்கிடையே படத்தகட்டைக் கிடையாகக் கடித்துக்கொண்டு, தாடையின் கீழிருந்து எடுக்கும் எக்ஸ்ரே. பெரும்பாலான பல்மருத்துவமனைகளில் சிறு கட்டணத்தில் எடுக்கலாம். தாடையடிச் சுரப்பியின் கற்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு இதில் வெள்ளையாகத் தெரியும். எந்தப் பல்லுக்கு நேராக இருக்கிறது என்பதும் அதிலேயே தெளிவாகிவிடும். காதோரச் சுரப்பியின் கற்கள் அவ்வளவாக எக்ஸ்ரேயில் பிடிபடுவதில்லை. அங்கே அல்ட்ராசவுண்ட்தான் துணை. 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டிவிடும். அதற்கும் சிறியவற்றைத் தேடவும், ஒரே நாளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கற்கள் இருக்கின்றனவா என்று அறியவும் சாய மருந்து செலுத்தாத சி.டி. ஸ்கேன் உதவும். நாளத்துக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் பழைய முறையைச் சீழ்பிடித்திருக்கும் நேரத்தில் செய்யக் கூடாது.

இந்த நாளத்தை மருத்துவ நூல்கள் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் குறிக்கின்றன; சுரப்பிகளைப் பற்றிய அவருடைய நூல் 1656இல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில், ஆம்ஸ்டர்டாமில் படித்துக்கொண்டிருந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் மாணவர் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துப் பார்த்தபோது காதோரச் சுரப்பியின் நாளத்தைக் கண்டுபிடித்தார். கண்டது யார் என்பதில் அவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் பெரிய பூசலே நடந்தது. நாங்கள் இன்றும் மேல்கடைவாயின் இரண்டாம் பல்லுக்கு எதிரே கன்னத்தில் தேடுவது அவர் கண்ட அந்தத் துளையைத்தான்.

கல்லை எடுக்கும் வரை வீட்டில் செய்யக்கூடியவை: நாள் முழுவதும் தண்ணீரை இடைவிடாமல் சிறிது சிறிதாகப் பருகுவது, வெந்நீர் ஒத்தடம், தாடையின் கீழிருந்து முன்னோக்கி மென்மையாக நீவிவிடுவது, இளஞ்சூட்டு உப்புநீரில் வாய் கொப்புளிப்பது. ஒரு துண்டு எலுமிச்சையோ புளிப்பு மிட்டாயோ வாயில் அடக்கிக்கொண்டால் உமிழ்நீர் பெருகிச் சிறு கற்களைத் தள்ளிவிடும். அப்படித் தானாக விழுந்த கல்லைக் கையில் கொண்டுவந்து காட்டிய நோயாளிகள் உண்டு.

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

பல்மருத்துவர் எழுதியவற்றில் எலுமிச்சையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அது 2, 3 மி.மீ. கற்களுக்கும், அடைப்பு முழுமையாக இல்லாத வேளைக்கும் பொருந்தும். இவருடைய கல் 7 மி.மீ.; நாளத்தின் வாய் அதன் உடற்பகுதியைவிடக் குறுகலானது. ஊறுகாயைப் பார்த்தாலே வலிக்கும் ஒருவருக்குப் புளிப்பைக் கொடுத்துச் சுரப்பைத் தூண்டுவது, வெளியேற வழியில்லாத இடத்தில் மேலும் நீரை நிரப்புவதாகும். சீழ்பிடித்து வீங்கியிருக்கும் நாள்களில் அதை அறவே தவிர்க்க வேண்டும். நீவிவிடுவதையும் வலி தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளி என்பதால் புளிப்பு மிட்டாய் வேறு காரணத்துக்காகவும் வேண்டாம்.

மற்றொன்றையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். வீக்கம் நாக்கின் அடியில் பரவி நாக்கை மேலே தூக்குவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாமை, குரல் மாறுவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரவென்றும் பாராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வாயின் அடித்தளத்தில் பரவும் அந்தச் சீழ் மூச்சுப்பாதையை அடைத்துவிடக் கூடியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு விரைவாகப் பரவும். முறையான ஆன்டிபயாட்டிக் தொடங்கி இரண்டு, மூன்று நாள்களில் காய்ச்சல் தணியாவிட்டாலும் உள்ளே சீழ்க்கட்டி உருவாகியிருக்கிறதா என்று மறுபடியும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

பதில்: கொங்குநாட்டுக்காரன்

நான் சுரப்பியையே அகற்றிக்கொண்டவன். எல்லாரும் அகற்ற வேண்டாம் என்று சொல்வதால் எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன்.

எனக்குக் கல் நாளத்தில் இல்லை; சுரப்பியின் உள்ளே இரண்டு இருந்தன. நீண்ட காலமாக வருடத்துக்குப் பலமுறை சீழ்பிடித்து, கடைசியில் சுரப்பி கெட்டியாகி எப்போதும் ஒரு கட்டியாகவே நின்றுவிட்டது. எண்டோஸ்கோப் வைத்து எடுக்கலாமா என்று நானும் விசாரித்தேன். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாயை நாளத்துக்குள் செலுத்திக் கம்பிக்கூடையால் கல்லைப் பிடித்து இழுப்பார்களாம். ஏறத்தாழ 4 மி.மீ. வரையிலான கற்களுக்குத்தான் அது எளிது, பெரியவற்றை லேசரால் உடைக்க வேண்டும், எனக்கு இருந்த இடத்துக்குக் குழாய் எட்டவே எட்டாது என்று விளக்கினார்கள். அதன்பின் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன்.

தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே, கழுத்து மடிப்போடு சேர்த்துக் கீறியிருந்தார்கள். இப்போது தழும்பை நானே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழுதட்டின் ஓரத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகப் போவதால் சிலருக்கு வாய் கோணலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கையொப்பம் வாங்கினார்கள். எனக்கும் சிரிக்கும்போது ஒரு பக்கம் இறங்காமல் சில வாரங்கள் இருந்து, பிறகு சரியாயிற்று. ஒரு சுரப்பி போனால் வாய் வறண்டுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள்; அப்படி ஒன்றும் ஆகவில்லை. பெருஞ்சுரப்பிகளே மூன்று இணை இருக்கின்றன, அவை போக நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உதட்டிலும் கன்னத்திலும் இருக்கின்றன என்று பின்னர்தான் அறிந்தேன்.

உங்கள் தந்தையாருக்கு வாய்வழியாக எடுக்க முடிந்தால் அதையே முதலில் செய்யுங்கள். முடியாது என்று இரண்டாவது மருத்துவரும் சொன்னால், கழுத்து அறுவையைப் பெரிய ஆபத்தாக எண்ணி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி: பொருநைக்கரையாள்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே கேட்டோம். மருத்துவர் இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்து, கல் நன்றாகத் தட்டுப்படுகிறது என்றார். எக்ஸ்ரேயில் கீழ்முன்கடைவாயின் இரண்டாம் பல்லுக்கு நேராக வெள்ளையாகத் தெரிகிறது. வாய்வழியாகவே எடுத்துவிடலாம், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று சொல்லி நாள் குறித்திருக்கிறார். கழுத்து அறுவையைப் பரிந்துரைத்தவர் வாய்க்குள் விரல் வைத்துப் பார்க்கவே இல்லை என்று அப்பா இப்போது சொல்கிறார்.

எனக்கு மிஞ்சியிருக்கும் ஐயங்கள் மூன்று. கீறிய நாளத்தைத் தைக்கப் போவதில்லை என்கிறார்களே, அது சரியா? இத்தனை மாதம் அடைபட்ட சுரப்பி மறுபடி வேலை செய்யுமா? நீர் பிரிக்கும் மாத்திரையால்தான் கல் வந்தது என்று கேள்விப்பட்டு, அப்பா அதைத் தாமாகவே நிறுத்திவிடப் போவதாகச் சொல்கிறார், நிறுத்தலாமா?

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர்

கல் இருக்கும் இடம் நல்ல இடம். நாளத்தைத் தைக்காமல் விடுவதுதான் முறை. தைத்து மூடினால் தழும்பு இறுகி நாளம் குறுகும்; கல் போய் அதன் இடத்தில் தழும்பால் அடைப்பு வரும். அதனால் கீறிய ஓரங்களை வாயின் உட்தோலோடு சேர்த்துத் தைத்து ஒரு புதிய வாயாக வைத்துவிடுவார்கள், அல்லது அப்படியே திறந்துவிடுவார்கள். சிலர் சில நாள்களுக்கு ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைப்பதும் உண்டு. நாளத்தின் பழைய வாய்க்குப் பதிலாகச் சற்றுப் பின்னால் உமிழ்நீர் வரும். அதனால் கெடுதல் இல்லை. இந்த வேளையில்தான் பல்மருத்துவர் சொன்ன எலுமிச்சைக்கு இடமுண்டு: அறுவைக்குப் பிறகு உமிழ்நீர் ஓடிக்கொண்டே இருந்தால் வழி அடைபடாது. நாக்கின் நுனியில் சிறிது மரத்த உணர்வு சில நாள் இருக்கலாம். நாக்கின் அடியில் நீர்க்கொப்புளம் போலப் பளபளப்பான வீக்கம் பிறகு தோன்றினால், அருகிலுள்ள நாவடிச் சுரப்பியின் நீர் கசிந்து தேங்குகிறது என்று பொருள். அதைக் காட்டிவிட வேண்டும்.

சுரப்பி மீளுமா என்பதற்கு, பெரும்பாலும் மீளும் என்றே சொல்வேன். ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த சுரப்பிகளும் கல் நீங்கியபின் ஓரளவு சுரக்கத் தொடங்கியதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஊறுகாயைப் பார்த்ததும் வீங்குகிறது என்றால் உங்கள் தந்தையாரின் சுரப்பி இன்னும் உயிர்ப்போடு சுரக்கிறது. செத்த சுரப்பி வீங்காது. எடுத்தது முழுக் கல்தானா, பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்பதை மட்டும் சில வாரங்கள் கழித்து ஓர் அல்ட்ராசவுண்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. நீர் பிரிக்கும் மாத்திரையும், ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகளும் உமிழ்நீரைக் குறைத்துத் தேக்கத்துக்கு வழிவகுக்கக் கூடும் என்பது சரி. ஆனால் அந்த மாத்திரைதான் இந்தக் கல்லை உண்டாக்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அறுவை நாளே தள்ளிப்போகும். மருந்தை எழுதிக் கொடுத்தவரிடம் இந்த ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற ஏதேனும் உட்கொள்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் அதையும் நாள் குறித்த மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.